அந்த ஜீரோ விமானங்கள் அசல் இல்லை

காலத்தில் பின்னோக்கி 1941-க்குப் போய்விடும் விமானந்தாங்கிக் கப்பலின் கதையான 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' (1980) ப்ளூ-ரேயைப் பார்த்துவிட்டு, அதில் வரும் ஜப்பானியப் போர் விமானங்களான ஜீரோக்கள் இரண்டாம் உலகப் போரில் தப்பிய அசல் விமானங்கள் என்று பலர் பகிர்கிறார்கள். இல்லைங்க. அவை அமெரிக்காவின் டி-6 டெக்ஸன் பயிற்சி விமானங்கள், 'டோரா! டோரா! டோரா!' (1970) படத்துக்காக ஜீரோ போலத் தோற்றம் மாற்றப்பட்டவை. டி-6 மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்தான் போகும், அசல் ஜீரோ 500-ஐத் தாண்டும், அதனால்தான் அந்தத் துரத்தல் காட்சியில் எஃப்-14 ஜெட் போர் விமானம் இறக்கைகளை அகல விரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துப் பின்னால் வர வேண்டியிருக்கிறது. ஆனால் படத்தில் வரும் விமானந்தாங்கிக் கப்பலான நிமிட்ஸ் நிஜம். கறுப்பு வாலில் மண்டையோடு வரைந்த அந்த எஃப்-14-களும் அமெரிக்கக் கடற்படையுடையவைதான், அதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.