பவர் பத்திரம் மட்டும் போதாது
அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்ததும் பவர் பத்திரம் (அவர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம்) எழுதி வாங்கிவிடுங்கள் என்கிறது ஒரு கட்டுரை. அரைகுறை யோசனை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201படி, எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவரும் காலாவதி. தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும்!

நினைவு தெளிவாக இருக்கும்போதே அம்மாவின் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, அதை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' முறைக்கு மாற்றுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். அம்மா உயிரோடு உள்ளவரை நாமினியால் பத்து ரூபாய்கூட எடுக்க முடியாது. ஃபிக்சட் டெபாசிட்டுக்குத் தனியாகக் கேளுங்கள். முதிர்வுக்கு முன்பே ஒருவர் கையெழுத்தில் உடைக்கலாமா என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதினால் 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்து கேட்க அதுதான் பிடி.