அலமாரியின் ஆழத்தைக் கவனியுங்கள்

குளியலறையில் பொருள்கள் குவிவதற்கு இடப் பற்றாக்குறையே காரணம், பெரிய அலமாரி ஒன்றை வைத்தால் தீர்ந்துவிடும் என்கிறது, குளியலறையை ஒழுங்குபடுத்துவது பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஆழமான அலமாரிதான் வேண்டாததைச் சேர்த்து வைக்கிறது. முன்வரிசையில் ஷாம்பு நிற்கும். பின்னால் பாதி தீர்ந்த எண்ணெய்ப் புட்டியும், மூடி இறுகிப்போன பற்பசையும், பிசுபிசுத்த சோப்புத் துண்டும் கண்ணில் படாமல் கிடக்கும். சுவரில் பொருத்தும் தட்டு 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். ஒரே வரிசைதான் நிற்கும். எது இருக்கிறது, எது தீர்ந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மரத்தூள் பலகையில் செய்த அலமாரியைத் தரையில் வைக்கவே வேண்டாம். வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறிப் பலகை உப்பும், மேலே ஒட்டிய லேமினேட் உரியும், பிறகு கதவு சாத்தவே சாத்தாது. சுவரில் தூக்கி மாட்டினால் அடியில் துடைப்பமும் போகும், தரையும் காயும்.

மருந்துகளைக் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அலமாரியில் வைக்கக் கட்டுரை சொல்லியிருப்பது தவறு. வெந்நீர் ஆவியும் ஈரமும் மாத்திரைகளைக் கெடுக்கும். அவை படுக்கையறையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று: கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே கூடையில் அடுக்காதீர்கள். கசிந்து கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். காற்றோட்டம் குறைந்த சிறிய அறையில் அது பேராபத்து.

கதவுக்குப் பின்னால் கொக்கி அடிக்கலாம் என்ற கட்டுரையின் யோசனை அருமை. ஈரத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி இடைவெளி விட்டு அடியுங்கள்.