கொப்பேகடுவ ஆனையிறவில சாகேல்ல

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் சுத்துது, டென்சில் கொப்பேகடுவ ஆமி கொமாண்டரா இருக்கேக்க 1991இல ஆனையிறவுச் சண்டையில செத்தவராம். ரெண்டும் பிழை.

1991 யூலையில முற்றுகைக்குள்ள கிடந்த ஆனையிறவு முகாமுக்கெண்டு வெற்றிலைக்கேணிக் கரையில இறங்கின ஆமிக்கு அவர்தான் பொறுப்பு, அது உண்மை, ஆனா அவர் செத்தது அடுத்த வருசம், 1992 ஓகஸ்ட் 8, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில அராலித்துறையடியில போன வாகனம் கண்ணிவெடியில அம்பிட்டு, ஆமி அதிகாரி விஜய விமலரத்னவும் கடற்படையின்ர மொகான் ஜயமகாவும் அதே வெடியிலதான் போனவை. அப்ப ஆமி கொமாண்டர் செசில் வைத்தியரத்ன. கொப்பேகடுவ மேஜர் ஜெனரல், ஆமி கொமாண்டருக்கிருந்த லெப்டினன்ட் ஜெனரல் பதவி அவருக்குச் செத்தாப்பிறகு குடுத்தது, குழப்பம் அதாலதான் வந்திருக்கும்.

ஆனையிறவில பிள்ளையளப் பறிகுடுத்த சனம் இஞ்ச இன்னும் இருக்கு, அவைக்கு முன்னால பிழையான கதையப் போடாதேங்கோ, ஃபோர்வேட் பண்ணினாக்கள் தயவுசெய்து அழிச்சுவிடுங்கோ.