எண்ணெய்தானே என்று இனிச் சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் எங்கள் கிணறுகளில் கலந்ததைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டதை வந்திருந்த எல்லோரும் கேட்டீர்கள். "கிணத்துக்குள்ள எண்ணெய்தானே கலந்தது, அணுக்கதிரா கலந்தது?" அவர் கேட்டதைவிட, அதற்குப் பலர் தலையாட்டியதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

சரி, அணுக்கதிரைப் பற்றியே கதைப்போம். கனடாவின் ஸ்காபரோவில் உள்ள மல்வேர்னைத் தெரியாத வீடு இங்கே குறைவு. எங்கள் சனம் அவ்வளவு பேர் அங்கே. அங்கே மெக்ளூர் கிரசென்ட் தெருவில், வீட்டு வளவு மண்ணில் அணுக்கதிர் வீசும் ரேடியம் இருப்பது 1980இல் தெரியவந்தது. 1940களில் அந்தப் பக்கத்துப் பண்ணையொன்றில் ரேடியம் பிரித்தெடுத்திருக்கிறார்கள். செய்தவர்கள் போய்விட்டார்கள், மண் கிடந்தது, அதன்மேல் வீடுகள் எழும்பின. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் வேண்டும். அந்த மண்ணைத் தோண்டி அகற்றியது 1995இல்தான்.

ரேடியமும் கழிவெண்ணெயும் ஒன்றா என்பீர்கள். இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் விட்டுப்போனவன் ஒன்றும் சொல்லவில்லை, குடியிருந்தவன்தான் கேட்டுக் கேட்டு அலைந்தான். அளந்து காட்டுங்கள் என்பதுதான் என் கேள்வி.

அம்மா பவுசர் லொறியில் கொண்டுவரும் தண்ணியில் தேத்தண்ணி வைக்க மாட்டா, ருசி இல்லையாம். கிணற்றில் அள்ளி, வெயிலில் பிடித்துப் படலம் தெரிகிறதா என்று பார்த்து, மணந்து பார்த்துத்தான் கேத்திலில் ஊற்றுவா. பரிசோதனைக்குக் கொடுத்த போத்தலுக்கு முடிவு வரவேயில்லை. விசாரிக்கப் போன என்னிடம் "ஏன் சும்மா பயப்படுறீங்கள்" என்றார்கள். பயத்தைப் பற்றி நான் கேட்கவில்லையே. அளந்ததைக் காட்டுங்கள் என்றேன்.

மின்சாரம் வேண்டாமா என்பவர்களுக்கு: வேண்டும். குப்பி விளக்கில் படித்தவள் நான், வெளிச்சத்தின் அருமையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இதைப் பேசினால் காணி விலை விழும் என்பவர்களோடு கதைக்க எனக்குப் பொறுமை இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைத்தண்ணிதான் எங்கள் சொத்து. ஒரு வளவில் ஊற்றுவது கல் வெடிப்புகளுக்குள்ளால் அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்து நிலத்தடி நீருக்காக மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுமா "எண்ணெய்தானே"?

போன விடுமுறைக்கு மல்வேர்னிலிருந்து பெரியம்மாவின் மகள் வந்தா. பிள்ளைகளுக்குக் கிணற்றுத் தண்ணி கொடுக்க வேண்டாம் என்று அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னா. எனக்கு வலித்தது, ஆனால் கோபிக்க முடியவில்லை. எங்கள் தண்ணி நல்லது என்று காட்ட என் கையில் ஒரு தாள்கூட இல்லை. அந்தத் தாளைத்தான் கேட்கிறேன், கிணறு கிணறாக, வாசலுக்கு வாசல் கொண்டுவந்து கொடுங்கள்.