ஆச்சி தோட்டத்து முதலாளியம்மா இல்ல

பாளையங்கோட்டை மண்டபத்துல நம்ம வீட்டு விசேஷத்துக்கு லண்டன் அத்தான் ஓட்டுன குடும்ப வீடியோவ சொந்தக்காரங்க எல்லாரும் பாத்தாச்சு. அத்தான் மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. ஆனா "எங்கள் தாத்தா சிலோனில் தோட்ட முதலாளி"ன்னு எழுத்து ஓடுச்சு பாருங்க, அன்னையில இருந்து எனக்கு ஒறக்கமே இல்ல.

தாத்தா முதலாளி இல்ல, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கூலி. ஆச்சி கொழுந்து பறிச்சாவ. லயத்துல, அதான் கூலிக்காரங்களுக்கு வரிசையா கட்டுன குடியிருப்புல, ஒத்த அறையில அஞ்சு புள்ளைகள வளத்தாவ. அவுக தலைக்கு எண்ணெ தேச்சா உச்சியில என் வெரலு ஒரு பள்ளத்துல இறங்கும், கூடைக் கயிறு வருசக்கணக்கா அழுத்துன எடம், முடி அத்துப்போய் மொழுக்குன்னு இருக்கும். எந்த முதலாளியம்மாவுக்கு அந்தத் தடம் இருக்கும் அத்தான்?

1948 குடியுரிமைச் சட்டத்துல எங்க தோட்டத்துச் சனங்க அங்க நாடில்லாதவங்களா ஆகிப் போனாங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு அங்கயேன்னு தலைய எண்ணிப் பிரிச்சாங்க. நாங்க இந்தக் கணக்குல, ஆச்சியோட தம்பி அந்தக் கணக்குல. தலைமன்னார்ல கப்பல் ஏறுனதோட சரி, ஆச்சி அவரப் பாக்கவே இல்ல. முதலாளிய யாரு இப்படி எண்ணி ஏத்தி அனுப்புவா?

சம்பந்தி வீட்டு முன்னால மரியாத வேண்டாமாம்பீங்க. கூலி வேல செஞ்சது மரியாதக் கொறச்சலா? நாடு மாறுனா கதையும் மாறத்தான் செய்யும்பீங்க. மாறட்டும். அங்க சீனி நக்கிக் குடிச்ச சாயத்தண்ணிய, அதான் பாலில்லாத தேத்தண்ணிய, இங்க வந்து ஆச்சி கருப்பட்டி கடிச்சுக் குடிச்சாவ, அது மாறுதது. இது அவுகளயே இல்லன்னு ஆக்குதது.

நீயும் காலேஜ்ல சொல்லலயேன்னு மைனி கேக்காவ. ஆமா சொல்லல, பயம். சொல்லாம இருந்தேன், பொய் சொல்லல. ரெண்டும் ஒண்ணில்ல.

பயம் வராம என்ன செய்யும்? அங்க தோட்டக்காட்டான்னாங்க, இங்க வந்தா சிலோன்காரங்க. மொத வருசக் கோயில் கொடைக்கு, ஊர்க்காரங்க குடும்பத்துக்கு இவ்வளவுன்னு குடுக்குற தலைக்கட்டு வரிய எங்ககிட்ட வாங்கவே இல்ல தெரியுமா, ஆச்சி ரூவாய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு கோயில் வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்தாவ. சொந்த ஊருன்னு நம்பி வந்த ஊரு. ஊரு ஒதுக்குனது போதாதுன்னு இப்ப பேரப்புள்ளைகளும் ஒதுக்கணுமா?

அத்தான், வீடியோவுல அந்த முதலாளிங்கற எழுத்த எடுத்துருங்க. கொழுந்து பறிச்சாவன்னு போடுங்க, இல்ல ஒண்ணும் போடாதீங்க.

அப்பா பொறந்தது அந்த லயத்துலதான். வீடியோவ ரெண்டு தடவ பாத்தாவ, செல்லக் கவுத்தி வச்சிட்டு, "எம்மா, கொஞ்சம் சாயத்தண்ணி போடேன்"ன்னாவ.