பேச ஆள் இல்லாத ஊரில் ஜப்பான் மொழி

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை போன வாரம் இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். "அக்கா, ஜப்பான் மொழி கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா இங்க பேச ஒருத்தர்கூட இல்லியே, எப்பிடிக்கா?" நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அவளைப்போல இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

பேச ஆள் இருந்தால் ஒரு மொழி எவ்வளவு சுலபமாக வரும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். வேலூர் காந்தி ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகள் இல்லாமல் அந்தத் தெருவே இல்லை. லாட்ஜ் பலகை, ஓட்டல் பலகை எல்லாவற்றிலும் வங்காள எழுத்து. எங்கள் கடைப் பையனுக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று வங்காளத்தில் கடகடவென்று சொல்வான். தண்ணீரைக் கொல்கத்தா பக்கத்தவர்கள் ஜோல் என்பார்கள், டாக்கா பக்கத்திலிருந்து வருபவர்கள் பானி என்பார்கள். எதிரில் நிற்பவரைப் பார்த்து அவனும் மாற்றிக்கொள்வான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. நாள் முழுக்கக் காதில் விழுந்தது, வந்துவிட்டது.

ஜப்பான் மொழிக்கு அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லை. காட்பாடியில் பஸ் ஏறிக் கடையில் இறங்கும் வரை ஒரு ஜப்பான்காரரை நான் பார்த்ததில்லை. இணையத்தில் பேசலாமே என்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்காரும்போது இங்கே மணி 9. அங்கே நள்ளிரவு 12.30. யார் விழித்திருப்பார்கள்?

ஆனாலும் என் அனுபவத்தில் பேச ஆள் இல்லாதது இரண்டாவது குறைதான். முதல் குறை, அந்த மொழிக்கு நாம் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது.

நான் பிளஸ் டூ வரை தமிழ்வழி. பணம் கட்டிச் சேர்ந்த இணைய வகுப்பில் எல்லா விளக்கமும் ஆங்கிலத்தில். வினைச்சொல்லின் 'தெ' வடிவம் என்று ஒரு பாடம் வந்தது. இரண்டு வாரம் படித்தேன். அதை எங்கே எதற்குப் போடுகிறார்கள் என்று பத்து விதி எழுதி மனப்பாடம் செய்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. ஒருநாள் ராத்திரி 'தபெத்தெ மிரு' என்ற தொடரை எழுதி, கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் போட்டேன். தபெத்தெ என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! கண்ணால் பார்ப்பதை அல்ல, முயன்று பார்ப்பதை அவர்களும் இப்படியேதான் சொல்கிறார்கள். பத்து விதியையும் அடித்துப் போட்டேன். நம் வினையெச்சம்தான் அது.

அதற்குப் பிறகு அடுத்தடுத்து வந்தது. தபெத்தெ ஓகு என்றால் சாப்பிட்டு வை. தபெத்தெ ஷிமாவு என்றால் சாப்பிட்டுவிடு. தபெத்தெ இரு என்றால் சாப்பிட்டுக்கொண்டு இரு. அந்த 'இரு' அவர்கள் சொல்தான், நான் தமிழில் எழுதவில்லை. பேச்சில் அதைச் சுருக்கித் தபெத்தெரு என்பார்கள். நம் பக்கத்தில் 'சாப்ட்டுக்கினு கீறேன்' என்று சுருக்குகிறோமே, அதே வேலை. அப்புறம் 'தோ ஓமோவு' என்பது 'என்று நினைக்கிறேன்'. நாளை வருவார் என்று நினைக்கிறேன் என்பதை அதே வரிசையில் ஒவ்வொரு சொல்லாக மாற்றி வைத்தால் போதும். தாரெ என்றால் யார், தாரெகா என்றால் யாரோ. நானி என்றால் என்ன, நானிகா என்றால் ஏதோ. 'நான் வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் புத்தகத்தை முன்னால் தூக்கி வைக்க வேண்டும். ஜப்பான் மொழியில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

என்னை அதிகம் அசைத்தது கொடுக்கும் சொற்கள். எனக்கு ஒருவர் தந்தால் குரெரு, நான் இன்னொருவருக்குக் கொடுத்தால் அகெரு. ஆங்கில விளக்கத்தில் இது ஒரு பெரிய சிக்கல் மாதிரி அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருந்தார்கள். தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருப்பதை நம் தமிழாசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முழுக்க ஒன்றல்ல, ஆனால் அந்தப் பிரிவு நமக்குப் புதிதும் அல்ல.

இதை எழுதினால் உடனே சுசுமு ஓனோ பெயரோடு சிலர் வருவார்கள். தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு என்று பல ஆண்டுகள் எழுதிய ஜப்பானிய அறிஞர் அவர். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கு வேண்டாம். சொந்தமோ இல்லையோ, வாக்கியம் கட்டும் முறை இவ்வளவு ஒத்துப்போகிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்குத்தான் நட்டம். ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஜப்பானியப் பாடங்கள் இந்தியிலும் வங்காளத்திலும் உருதுவிலும் இருக்கின்றன. தமிழில் நான் பார்க்கவில்லை. ஜப்பான் மொழி நன்றாகத் தெரிந்த தமிழர்கள் சென்னையில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். தமிழில் சொல்லிக்கொடுங்கள், இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ் உதவாத இடமும் உண்டு. வ, க என்ற இரண்டு சிறு சொற்களில் எழுவாய்க்குப் பின்னால் எதைப் போடுவது என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம். அன்றாடப் புழக்கத்துக்கு என்று அவர்கள் வகுத்திருக்கும் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், 2,136. அதற்குக் குறுக்குவழி கிடையாது, எழுதி எழுதித்தான் வரும்.

நம் எழுத்தே கெடுத்த இடம் ஒன்று உண்டு, தங்கை இதைக் கவனமாகப் படிக்கவும். முதல் நான்கு மாதம் என் நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். ஒரு பக்கத்தில் 'கின் – தங்கம்', கீழேயே 'கின் – வெள்ளி'. இன்னொரு பக்கத்தில் 'தென்கி – வானிலை', 'தென்கி – மின்சாரம்'. உண்மையில் தங்கத்துக்கு 'கடை'யில் வரும் க, வெள்ளிக்கு 'தங்கம்' என்ற சொல்லின் நடுவில் வரும் க. வானிலைக்கு 'தலை'யின் த, மின்சாரத்துக்கு 'பந்து'வின் த. இரண்டு ஒலிக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. போதாததற்கு மெல்லினத்தை அடுத்து வந்த 'கி'யை நம் நாக்கு தானாகவே அழுத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் ஒரு ஜப்பான்காரர் இருந்திருந்தால் முதல் நாளே முகம் சுளித்திருப்பார். எனக்கு நாலு மாதம் ஆனது, அதுவும் என் குரலை போனில் பதிவு செய்து, பாடத்தின் குரலையும் என் குரலையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்ட பிறகு. அதனால் ஒலிக்கு ஒன்றாக அவர்கள் வைத்திருக்கும் ஹிரகானா எழுத்தை முதல் வாரமே படித்துவிடு. அடிப்படை 46 எழுத்துதான், உயிரெழுத்து வரிசைகூட அ, இ, உ, எ, ஒ. தினம் ஐந்து வாக்கியம் பதிவு செய். உன் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் உனக்குச் சிரமமே தராது.

ஜப்பான் மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். நான் முதல் படியான என்5 எழுதித் தேறினேன், இப்போது அடுத்த படியான என்4க்குப் படிக்கிறேன். 180 மதிப்பெண்ணில் 60 காதால் கேட்டுப் பதில் எழுதுவதற்கு. பேச்சுக்குத் தேர்வே இல்லை. அதனால் சான்றிதழை வைத்துக்கொண்டு வாய் திறக்காமலும் இருந்துவிடலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பழங்கால ட்ராய் நகரைத் தோண்டிய ஜெர்மானியர் ஷ்லீமன் 1844இல் ஆம்ஸ்டர்டாமில் தனியாக ரஷ்ய மொழி படித்தார். சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினாராம், எதிரில் உட்கார்ந்து கேட்பது மட்டுமே வேலை. அந்தக் கூலிக்காரருக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. எங்கள் வீட்டில் ஆயா இருக்கிறார். ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பார், நான் எதிரில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைச் சொல்வேன். எதிரில் ஒரு முகம் இருந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட முடியாது. முடித்தே ஆக வேண்டும்.

ஒருநாள் காலையில் கிளம்பும்போது பழக்கத்தில் 'இத்தெ கிமாஸ்' என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாடி சொல்ற?"

"போய்ட்டு வரேன்னு சொல்றேன் ஆயா. இத்தென்னா போய், கிமாஸ்னா வரேன்."

ஆயா புளிக் கையோடு நிமிர்ந்தார். "அவங்களும் போறேன்னு சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அதுக்கு வூட்ல இருக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"இத்தெ ராஷ்ஷாய். போய்ட்டு வாங்கன்னு."

ஆயா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வாயில் அது 'இத்தராசாய்' என்று வந்தது. இப்போது தினமும் காலையில் நான் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் வருகிறது.