நல்லார்பரை ராத்திரியில் தாண்டாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து நல்லார்பர் சமவெளி வழியே அடிலெய்டுக்கு காரில் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "நடுவில் ஒன்றுமே இல்லப்பா, ரெண்டு பேர் மாத்தி மாத்தி ராத்திரியும் ஓட்டினால் சீக்கிரம் தாண்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல்.

முதலில் ராத்திரி. பொழுது சாய்ந்ததும் கங்காருக்கள் ரோட்டுக்கு வந்துவிடும், காட்டு ஒட்டகமும் உண்டு. பல ட்ரெய்லர்களைக் கோத்து இழுக்கும் ரோடு ட்ரெயின் லாரிகளுக்கு முன்னால் கனத்த இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது, உங்கள் காருக்கு என்ன இருக்கிறது? வழியில் வரும் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே சுமார் 180 கிலோமீட்டர், அதில் 146 கிலோமீட்டர் ஒரு வளைவுகூடக் கிடையாது, பெரும்பாலும் போன் சிக்னலும் கிடையாது. இந்த ரோட்டில், அதாவது ஏர் நெடுஞ்சாலையில், அங்கங்கே தாரிலேயே விமான ஓடுபாதைக் கோடு போட்டிருப்பார்கள், அவசரம் என்றால் பறக்கும் மருத்துவர் விமானம் அந்த ரோட்டில்தான் இறங்கும். எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம் அந்த "ஒன்றுமே இல்லை". கடல் பக்கத்திலேயே வருகிறது, ரோட்டிலிருந்து பெரும்பாலும் தெரியாது. பலகை பார்த்துத் திரும்பி, காரை நிறுத்தி நாலு எட்டு நடந்தால் தரை சட்டென்று முடிந்துவிடும், பிட்டுத் தின்ற கேக் மாதிரி. பண்டா பாறைச் சுவர்கள். மேலே பழுப்பு, கீழே சுண்ணாம்பு வெள்ளை, எல்லாம் ஒரு காலத்தில் கடலடித் தரை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை போனால் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் தாய்த் திமிங்கிலம் குட்டியோடு கரையோரமாகவே மிதப்பதைப் பார்க்கலாம். (வழியில் யூக்லா என்ற ஊர்ப் பக்கம் கடிகாரத்தை பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னே வைத்திருப்பார்கள், குழம்பாதீர்கள்.)

1841இல் எட்வர்ட் ஜான் ஏர் என்ற ஆங்கிலேயப் பயணி இந்த வழியே ஆல்பனி வரை போய்ச் சேர்ந்தார், கடைசிவரை கூட நடந்தவர் வைலி என்ற பூர்வகுடி இளைஞர். நெடுஞ்சாலைக்கு மட்டும் ஏர் பெயர். இதற்கு வடக்கே மரலிங்காவில் 1956, 57இல் பிரிட்டன் 7 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது, அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்தவர்களால்தான் அதைச் செய்ய முடிந்தது. அந்த மண்ணின் மக்கள் பலரை அதற்கு முன்பே தெற்கே யலாட்டாவுக்கு நகர்த்தியிருந்தார்கள். நீங்கள் தூங்கிக்கொண்டே தாண்டும் ஊர் அது.

சரி, போகிறவர்கள் பகலில் போங்கள், ரோட்ஹவுஸில் (பெட்ரோல், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் உள்ள வழிக்கடை) அறை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பெட்ரோல் விலையைப் பார்த்துத் திட்டினாலும் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பழம், காய்கறியைச் செடுனா சோதனைச் சாவடி வருவதற்குள் தின்று தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் வாங்கிப் போட்டுவிடுவார்கள். புளிசாதத்துக்குத் தடையில்லை.